விளக்கெண்ணெய் குடித்த மோரிஸ் மைனர்

மோரிஸ் மைனர் காரைச் செய்த வெள்ளைக்காரர்கள் மற்றதையெல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றும் இடத்தை மட்டும் ஓட்டுகிறவர் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே புதைத்து வைத்துவிட்டார்கள். கால் விரிப்பைச் சுருட்டி ஒரு சின்னத் தகட்டைக் கழற்றினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம் தெரியும். குனிந்து பார்த்தால் ஒரு திருகு மூடி, அதற்கும் கீழே எங்கள் வீட்டு வாசல் மண். காருக்குள் உட்கார்ந்தபடியே மண்ணைப் பார்ப்பது ஒன்பது வயதில் எனக்குப் பெரிய அதிசயம். பின்னாளில் தத்துவ நூல்கள் சிலவற்றைப் புரட்டியிருக்கிறேன். அந்தத் துவாரத்தில் தெரிந்ததைவிட அதிகமாக அவற்றில் ஒன்றும் தெரியவில்லை.

கார் என் சித்தப்பாவுடையது. பெரிய காஞ்சிபுரத்தில் அப்பாவும் அவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நெசவாளர் சங்கம் ஒன்றில், தறியிலிருந்து வரும் பட்டுச் சேலைகளை வெளிச்சத்தில் விரித்து, எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே புட்டா ஒதுங்கியிருக்கிறது என்று பிழை பார்ப்பது சித்தப்பாவின் உத்தியோகம். வாரம் முழுக்க அடுத்தவர் வேலையில் பிழை பார்த்த களைப்பை, லீவு நாட்களில் காருக்கு அடியில் படுத்துத் தீர்த்துக்கொள்வார். அவர் கையில் அந்தக் கார் இருந்தபடி இருந்ததே இல்லை. டைனமோ போய் வேறெதிலிருந்தோ ஆல்டர்னேட்டர் வந்தது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு கேஸ்கட் கிடைக்காதபோது, தறிப் பாவில் மிஞ்சிய பட்டு நூலை அரக்குக் கரைசலில் தோய்த்து விளிம்பு நெடுக ஒட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. “ஊர்ல நெய்யிறவன் பொண்டாட்டிக்கே பட்டு இல்ல, இவன் எஞ்சினுக்குக் கட்டி உடறான்” என்றார் அப்பா.

சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். மாமனார் தாமல் பக்கத்தில் தறி வைத்திருந்தார். காரை முதல் தடவை சுற்றிப் பார்த்துவிட்டு அந்த மனிதர் பதமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “நிக்குமா மாப்ள?” ஓடுமா என்று கேட்டிருந்தால் சித்தப்பா சிரித்திருப்பார். நிற்குமா என்றதை அவரால் தாங்க முடியவில்லை. மறு வாரமே மெட்ராஸுக்குப் போய், முன் சக்கரங்களுக்கு அம்பாசிடர் காரின் பெரிய பிரேக்குகளும், அந்தத் துவாரத்துக்கு அடியில் எண்ணெய் நிற்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் போடப் புது ரப்பர் வளையங்களும், ஒரு டப்பா பிரேக் ஆயிலும் வாங்கி வந்தார்.

புது ரப்பர்களை ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயில் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் குளிப்பாட்டினார். இரவெல்லாம் அதிலேயே ஊறவும் வைத்தார். கடைக்காரர் மண்ணெண்ணெய் ஆகாது என்று எச்சரித்து அனுப்பியதையும் அவரேதான் எங்களுக்குச் சொன்னார். “பிரேக் ஆயில்லதான் கழுவணுமாம்! ஆயில் விக்கிறவன் வேற எப்படிப்பா சொல்லுவான்?” எல்லாரும் சிரித்தோம். சித்தி கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார். புதுப்பெண் அல்லவா.

சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு, மத்தியானம் சித்தப்பா சாப்பிட உள்ளே போனார். கார் கதவு திறந்திருந்தது, துவாரமும் திறந்திருந்தது. நான் ஏறிப் படுத்து மண் தரிசனம் செய்துவிட்டுப் பின்பக்கமாக இறங்கினேன். என் குதிகால் பட்டு, கீழே இருந்த பிரேக் ஆயில் டப்பா சாய்ந்தது. மூடி சரியாகத் திருகப்படவில்லை. தேன் நிறத்தில் வெளியே வந்த எண்ணெயை வாசல் மண் என் கண் முன்னாலேயே குடித்து முடித்தது.

சித்தப்பா என்னை அடித்ததே இல்லை. அதுதான் பயம். அடிக்கிற ஆள் எவ்வளவு அடிப்பார் என்று நமக்கு ஒரு கணக்கு இருக்கும். அடிக்காதவரிடம் அந்த எல்லை தெரியாது. அந்த ஆயில் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது என்பது மட்டும் தெரியும். டப்பாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அதே தேன் நிறத்தில், அதே சோம்பலோடு நகரும் இன்னொரு திரவம் எனக்கு நினைவு வந்தது. சமையலறை அலமாரியில் பெரிய புட்டியில் விளக்கெண்ணெய் இருந்தது.

அம்மா அடுப்பங்கரையில் இல்லை. டப்பாவில் ஊற்றிக்கொண்டு வந்தேன். சிந்திய இடத்தில் மண்ணைக் காலால் தள்ளி மூடினேன். ஒரு குற்றத்தைக் கச்சிதமாக முடிப்பதில் அன்றைக்கு இருந்த திறமை, பிறகு நான் எழுதிய எதிலும் கூடிவரவில்லை.

சித்தப்பா ஏப்பம் விட்டபடி வந்து, அந்த டப்பாவிலிருந்தே துவாரத்தின் வழியே ஊற்றினார். பிறகு சித்தியை ஓட்டுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டுச் சக்கரத்தின் பக்கம் படுத்துக்கொண்டார். குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொடுக்க வேண்டும். “மிதி... அப்படியே புடி... உடு.” சித்தி தறிக்குழியில் காலை விட்டு மிதித்தே வளர்ந்தவர். ஒரே சீராக மிதித்தார். நாலு சக்கரத்துக்கும் விளக்கெண்ணெய் நிதானமாகப் போய்ச் சேர்ந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

“நாளைக்கு தாமல் ஏரி பாக்கப் போறோம்” என்று சித்தப்பா எழுந்து கையைத் துடைத்தார். அந்த ஐப்பசியில் மழை கொட்டி ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஊரே போய்ப் பார்த்தது. “அப்படியே மாமா வூட்டு வாசல்ல போயி, கோடு கிழிச்சி அதும்மேல நிறுத்திக் காட்டறேன்.”

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கியதாக ஞாபகம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எங்களுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். விடியற்காலையில் உள்ளே போகும். ஒன்பது மணிக்குள் உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. காருக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?

காலையில் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தேன். நான் போகாவிட்டால் அம்மா போகமாட்டாள், அம்மா போகாவிட்டால் யாரும் போகமாட்டார்கள் என்பது என் திட்டம். அம்மா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கட்டிக்கினு இருக்குது. விளக்கெண்ணெ குடுத்தா சரியாயிடும்” என்று எழுந்து அலமாரியைத் திறந்தாள். “இன்னாது இது, போன வாரம் முக்கா புட்டி இருந்துதே?”

எனக்கு வயிற்று வலி அந்த வினாடியே நின்றது. காரில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

முன்னால் சித்தப்பாவும் அப்பாவும். பின்னால் சித்தி, அம்மா, அம்மா மடியில் தம்பி, சித்தப்பா முதுகுக்குப் பின்னால் நான். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவது அவர் வழக்கம். இருக்கைகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்தால் அவருடைய வலது கால் தெரிந்தது. அந்தக் காலை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. ஒலிமுகமது பேட்டையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. கால் மிதித்தது. கார் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏகாம்பரநாதருக்கு நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டேன். அடுத்த மாட்டுக்கு காமாட்சி. பெங்களூர் சாலையில் ஒரு லாரி உறுமிக்கொண்டு முன்னால் வந்தபோது, சைவ வைணவ பேதம் பாராமல் சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளையும் கூப்பிட்டேன்.

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் சித்தப்பாவின் பிடரி தெரிந்தது. அன்று காலையில்தான் முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார், மாமனார் வீட்டுக்காக.

பாதி வழியில் கார் மந்தமானது. தீய்ந்த வாடை ஒன்று வந்தது.

“இன்னாடா நாறுது?” என்றார் அப்பா.

“புது பிரேக் அண்ணே. படியணும்.”

“படியட்டும், படியட்டும். நம்ம காலம் முடியறதுக்குள்ள படிஞ்சா சரி.”

ஏரிக்கரை மேல் ஏறினோம். ஒரு பக்கம் கடல் மாதிரி தண்ணீர். கரையின் அந்தக் கோடியில் சாலை சரிந்து இறங்குகிறது. சரிவின் அடியில் தண்ணீர் வழிந்தோடும் இடம். அங்கே ஜனங்கள், சைக்கிள்கள், வேர்க்கடலை வண்டி, முழங்கால் தண்ணீரில் குதிக்கும் பிள்ளைகள். கார் சரிவில் இறங்க ஆரம்பித்தது. சித்தப்பாவின் கால் மிதித்தது. மிதி, தடையே இல்லாமல் தரைவரை போய்ப் படுத்துக்கொண்டது.

மறுபடியும் மிதித்தார். மறுபடியும் படுத்தது. காருக்கு வயிறு கழன்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

“பிரேக்கப் போடுடா!”

“போட்டுக்கினுதான் இருக்கேன் அண்ணே!”

ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். கீழே பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். அந்தக் கைகள் இன்றைக்கும் எனக்குக் காய்ச்சல் வந்தால் வருகின்றன. சித்தப்பா ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கார் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு சாய்ந்து திரும்பி, ஏரிப் பக்கமாக ஓடி, கரையோரக் காட்டாமணக்குப் புதருக்குள் புகுந்தது. அங்கே நின்றது. ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே தண்ணீர்.

முதலில் சித்திதான், “இறங்கலாமாங்க?” என்று கேட்டார்.

கரைப் பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராக இறங்கினோம். அம்மா பெற்ற இரண்டு பிள்ளைகளையும் நாலு தடவை எண்ணிப் பார்த்தாள். காரைப் பின்னால் இழுக்க ஜனங்கள் ஓடி வந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கார் இப்போது சித்தப்பா மகனிடம் இருக்கிறது. போன மாதம் அதற்கு டிஸ்க் பிரேக் மாட்டினார்கள். பழைய கார்களையே பார்க்கும் மெக்கானிக் பாய் ஒருவர் வந்திருந்தார். கதை கேட்பது போல நான் அவரிடம், பிரேக்கில் விளக்கெண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். “அந்தக் காலத்து பிரேக் ஆயிலே பாதி விளக்கெண்ணெதாம்மா. அதால ரப்பருக்கு ஒண்ணும் ஆவாது. மண்ணெண்ணெதான் எமன். பட்டா ரப்பர் ஊதிக்கும், மிதிச்ச பிரேக்கு திரும்பாது, புடிச்ச மேனிக்கே ஓடி டிரம்மு காஞ்சி, கடைசில ஒரேடியா கைய விரிச்சிடும்.” நாற்பது வருஷம் நான் சுமந்த கொலை முயற்சிக் குற்றத்தை அவர் கையைத் துடைத்துக்கொண்டே தள்ளுபடி செய்துவிட்டார். மேற்கொண்டு விசாரிக்கச் சித்தப்பா இல்லை. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

கரையில் அன்று இதெல்லாம் யாருக்குத் தெரியும்? காரை மேலே இழுத்து நிறுத்தினார்கள். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். சித்தப்பா மட்டும் கதவைத் திறந்து, விரிப்பைச் சுருட்டி, துவாரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு முன்சக்கரத்தைத் தொட்டார். சுட்டது போலிருக்கிறது, கையை உதறினார். அப்படியே சக்கரத்தின் பக்கத்தில் குந்திவிட்டார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். இனி ஓடி ஒளிய ஏரிதான் இருந்தது. கால் தானாக அவரிடம் போயிற்று.

“சித்தப்பா, அந்த டப்பாவுல இருந்தது பிரேக் ஆயில் இல்ல. நான் கொட்டிட்டேன். விளக்கெண்ணெ ஊத்தி வெச்சேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன்.

“இன்னாது?”

மறுபடி சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மேலே வந்தது, பிறகு இறங்கிப் போயிற்று.

“நெஜமாவா பாப்பா? விளக்கெண்ணெதானா?”

“சாமி சத்தியமா.”

“யாருகிட்டயாவது சொன்னியா?”

இல்லை என்று தலையாட்டினேன். தள்ளி நின்ற சித்தியை ஒரு தடவை பார்த்தார். சித்தி அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லாத,” என்றார். “யாருகிட்டயும் சொல்லாத. நானும் சொல்லல.” தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் செய்த துரோகத்தைத் தாங்காமல் அழுகிறார் என்று நினைத்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

“இனிமே இப்படிச் செய்யவே மாட்டேன் சித்தப்பா.”

“நானும்,” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

அவர் எதற்கு அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் அழும்போது வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, விடாமல் தடவிக் கொடுத்தேன்.