சஜன் கட்டின சைக்கிள்

சஜன் சர்க்கரை மாத்திரைக் கம்பெனியின் மெடிக்கல் ரெப். பாறசாலையிலிருந்து காட்டாக்கடை வரைக்கும் எந்த டாக்டர் அறை வாசலிலும் கறுப்புப் பையோடு அவனைப் பார்க்கலாம். ‘நடங்கள், ஓடுங்கள், வேர்வை சிந்துங்கள்’ என்று படம் போட்ட அட்டையை நீட்டி நீட்டியே அவனுக்குத் தொப்பை வந்தது, பின்னாலேயே சர்க்கரையும் வந்தது. உபதேசமெல்லாம் ஊருக்குத்தானே!

ஷாலு டாக்டர் அவனுடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: “சஜா, ஒரு வருஷம் தாறேன். இது இறங்கல்லேன்னா ஊசி ஆக்கும். தினமும் சைக்கிள் சவிட்டு.”

அதைக் கேட்ட மனைவி ஜோஸ்னாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பனைக் கொண்டுபோனதும் இதே சர்க்கரைதான். “நாளைக்கே ஒரு சைக்கிள் வாங்குங்க,” என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

வாங்கித் தொலைத்திருந்தால் நான் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் கடையில் தொங்குகிற சைக்கிளை வாங்கினால் சஜன் என்ன சஜன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை, செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள அவர்கள் சபையில் அறுப்புப் பண்டிகை. சபையார் கொண்டு வைக்கும் சேனையும் வாழைக்குலையும் சேவலும் ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் போகும். அங்கே யாரும் சேனைக்காக ஏலம் கேட்பதில்லை, எதிராளியின் மூக்கை உடைக்கக் கேட்பார்கள். யாரோ வீட்டை ஒழித்தபோது அகப்பட்ட பழைய இங்கிலாந்து ரேஸ் சைக்கிள் ஒன்றும் அந்த வருஷம் காணிக்கையாக வந்திருந்தது. டயர் கிடையாது, செயின் துருப்பிடித்துக் கட்டியாகியிருந்தது. ஜோஸ்னாவின் தம்பி நிஜின் சும்மா கை தூக்கினான். மச்சினன் கேட்டதை விட்டுக்கொடுப்பதா? சஜன் விடவில்லை. மூன்றாம் தரத்தில் அந்தத் துரு அவன் தலையில் விழுந்தது.

“இந்த இரும்பையா சவிட்டப் போறீங்க?” என்றாள் ஜோஸ்னா.

“இரும்பில்ல பிள்ளே, ஸ்டீல் ஆக்கும். இதுக்க மேல புது சாமானம் கேற்றினா, பின்ன பறக்கும்!”

பறந்தது கூரியர்க்காரன்தான். பதினோரு கியர் வந்தது. அந்த கியர் கோர்க்கும் பின்சக்கரம் பழைய பிரேமின் இடைவெளியில் நுழையவில்லை. நீளமான போல்ட்டைக் குறுக்கே வைத்து முடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரேமை நாலு மில்லிமீட்டர் அகட்டினான். சக்கரம் உட்கார்ந்ததும் பிரேக் கட்டை ரிம்மை எட்டவில்லை. பழைய சக்கரத்தைவிடப் புதியது ஒரு நூல் சிறிதாம். சரி, கை நீண்ட பிரேக் வரட்டும் என்று ரெண்டு மாசம் காத்திருந்தான். எல்லாம் ஹாலின் நடுவில், டிவிக்கு முன்னால் நடந்தது. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய நேந்திரங்காய் சிப்ஸ். சைக்கிள் மெலிந்து மெலிந்து அழகாக, கட்டுகிறவன் உருண்டுகொண்டே போனான்.

“ஒரு நாளாவது சவிட்டுங்களேன்,” என்று ஜோஸ்னா கேட்டால், “பண்டிகைக்கு இதுலதான் சர்ச்சுக்கு வாறேன், பாத்துக்கோ,” என்பான். அவள் அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். கல்லில் நார் உரித்த கதைதான்.

சொன்னபடியே அடுத்த பண்டிகைக்கு சைக்கிளில் போனான். நல்லவேளை, வழி முழுக்க இறக்கம். பச்சைப் பெயின்டும் வெள்ளி மின்னலுமாக வந்து இறங்கியவன், எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்று எங்கே சாய்த்து வைத்தான் தெரியுமா? காணிக்கை மேசையில்! சேனைக்கும் சேவலுக்கும் நடுவில்!

ஆராதனை முடிந்து போதகர் மேசைக்கு வந்தார். சைக்கிளின் மேல் கை வைத்து, “கர்த்தாவே, ஒரு வருஷம் பாடுபட்டு இதைச் செய்து உமக்கே படைத்த மகனை ஆசீர்வதியும்,” என்று உருக்கமாக ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. “இல்ல ஐயரே, இது எனக்க சைக்கிள்,” என்று அந்த ஆமெனுக்குப் பிறகு எவன் வாயைத் திறப்பான்? கழுத்தில் இருக்கும் டை அவிழ்ந்தாலும் கௌரவம் அவிழலாமா?

ஏலம் தொடங்கியது. நிஜின் சிரித்துக்கொண்டே கை தூக்கினான். சஜனுடைய கையும் எழும்பியது. பக்கத்தில் நின்ற ஜோஸ்னா அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“தேவனுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கப்பிடாது.”

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். சைக்கிள் நிஜினோடு உதியன்குளங்கரையிலுள்ள அவன் வீட்டுக்குப் போனது.

சஜனுக்கு வெப்ராளம் தாங்கவில்லை. அந்தப் பய செயினுக்கு எண்ணெய் விடுவானா? மழையில் போட்டுவிடுவானோ? போய்ப் பார்க்கவேண்டும், ஆனால் ஜோஸ்னாவுக்குத் தெரியக்கூடாது. கார் எடுத்தால் கேள்வி வரும். “நடக்கப் போறேன்,” என்று சொல்லிவிட்டு விடியக்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நிஜின் வீட்டுக்குப் போய் சைக்கிளைத் துடைத்து, கியரைத் திருப்பிப் பார்த்து, நிஜினை நாலு ஏச்சு ஏசிவிட்டு நடந்தே திரும்பினான். மறுநாளும் போனான். மழையானாலும் போனான். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கெடு தாண்டித் தள்ளிப்போட்டு எடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்ததைப் பார்த்து ஷாலு டாக்டரே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் கும்பிட்டது நிஜின்தான். “அளியா, எனக்கு உறங்கணும். தினமும் விடியுமுன்னே பெல்லடிக்காதீங்க. சைக்கிள நீங்களே கொண்டு போங்க, சும்மா தாறேன்.”

சஜன் அங்கேயே சந்தோஷத்தில் அழுதுவிட்டான். அக்காளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நிஜின் போனை ஸ்பீக்கரில் போட்டான். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, ஜோஸ்னா பாய்ந்தாள்.

“எலே, அத அங்க இருந்து எடுத்தியோ, ஒனக்கு அக்கா இல்ல! இஞ்ச கொண்டு வந்தா மனுசன் மறுபடியும் அதுக்க முன்னால குத்தவச்சி இருந்து சாவாரு. எங்க போறாருன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? மக்கா, நான் காலு பிடிச்சும் நடக்காத மனுசன் அதுக்காண்டி நடக்காரு. நடக்கட்டு. நீ கதவ மட்டும் தொறந்து குடு.”

போன் அணைந்தது. நிஜின் அக்காள் புருஷனின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். சஜன் குனிந்து சைக்கிள் செயினை விரலால் தடவிப் பார்த்தான்.

“செயின் வறண்டு கெடக்கு,” என்றான். “நாளைக்கு எண்ணெ கொண்டு வாறேன்.”