சாவி இல்லாமல் தண்ணீர் வந்த வாரம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். எங்கள் துறைமுகத்தில் அந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. பழைய சரக்குக் கிட்டங்கியில் சங்கிலி இழுபடுகிற சத்தம் கேட்டது, நங்கூரம் போட்டு நின்ற தோணியில் ஆளில்லாமல் பாய் விரிந்தது என்று டீக்கடையில் தினம் ஒன்று ஓடும். "நீ பாத்தியாவே?" என்று கேட்பேன். "இல்ல அண்ணாச்சி, எங்க மச்சான் பாத்தான்" என்பான். மச்சானைப் பிடித்துக் கேட்டால் அவன் தன் மச்சானைக் கை காட்டுவான். எனக்கு டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடவேண்டும், கண்ணால் பார்க்காத மூட்டைக்கு ஒரு கோடு போட்டவன் இல்லை நான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எழுபதுகளில், புதுத் துறைமுகம் வந்த சமயம். அங்கே போகிற ரோட்டோரம், உப்பளத்தை ஒட்டிக் கிடந்த பொட்டலில், துறைமுகத்திலும் பள்ளிக்கூடத்திலும் கடைகளிலும் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு காலனி கட்டினோம். ஒரே தெரு, இரண்டு பக்கமும் வீடு, ஒரு குடியிருப்போர் சங்கம். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். யார் வீட்டு ஆடு யார் வைத்த வேப்பங்கன்றைக் கடித்தது, சாக்கடையில் சாம்பல் கொட்டியது யார், தெருவிளக்கு பல்பை மாற்ற ஏணி யார் தருவது, இதற்குத்தான் மாதம் ஒருமுறை கூடிக் கத்துவோம்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் சண்டை கிடையாது. எங்கள் மண்ணில் எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர்தான், சோப்புகூட நுரைக்காது. தெருக்கோடியில் சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு, முனிசிபாலிட்டி நல்ல தண்ணீர் ராத்திரி அதில் வந்து நிறையும். விடியற்காலையில் யாராவது போய் வால்வைத் திறந்தால் தெருக் குழாய்களில் எல்லாம் தண்ணீர் வரும், எல்லோரும் பிடித்து முடித்ததும் மூடிவிடவேண்டும். வால்வு ஆழமான குழிக்குள் இருந்ததால் கையை விட்டால் எட்டாது. அதற்கென்று ஆள் தோள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி இருந்தது, மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே சதுரக் குழல். அந்த ஒரு சாவிதான், வேறு கிடையாது. அது வாரம் ஒரு வீடாக முறை வைத்துச் சுற்றிவரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் கொடுப்பார். இதில் ஒரு வழக்கம் வந்து சேர்ந்திருந்தது. சாவியைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டு வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது, அது அந்த வீட்டை அவமானப்படுத்துகிற மாதிரி. யாரும் உட்கார்ந்து போட்ட சட்டம் இல்லை, ஆனால் ஒரு கோபத்தில் ஒருவர் அப்படித் தாண்டிப் போனதற்கு இரண்டு குடும்பம் ஒரு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தது.

குழிக்குப் பக்கத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். திறந்தவர் அதில் சாவியால் தட்டுவார், அந்தச் சத்தம் கேட்டுத்தான் தெரு எழுந்திருக்கும். ஒவ்வொருவர் தட்டும் ஒவ்வொரு மாதிரி. எங்கள் இடப்பக்கத்து வீட்டு ஜெபராஜ் சார் பள்ளிக்கூட மணி மாதிரியே அடிப்பார், எழுந்து பிரேயருக்கு ஓடவேண்டும் போல இருக்கும். எங்கள் வீட்டு முறைக்கு என் மனைவி கிரேஸ்தான் போவாள். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒன்று. அந்தக் கனத்தை ஒரு கையால் தூக்கி இரண்டு தட்டுக்குமேல் அவளால் முடியாது, கை மாற்றிக்கொண்டு மூன்றாவதைத் தட்டுவாள். திரும்பி வந்து, "ஏங்க, கேட்டுச்சா?" என்பாள். "கேட்டுச்சு, ஆத்தூர் வரைக்கும் கேட்டுச்சு" என்பேன் படுத்துக்கொண்டே. "கேட்டவரு எந்திரிச்சுக் குடத்த எடுத்துட்டு வந்தா என்னவாம்" என்று திட்டிக்கொண்டே அவளே போவாள்.

அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பச்சிலை பார்த்தோம், பெரியாஸ்பத்திரியும் பார்த்தோம், போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை எங்களுக்கு. அதற்குப்பிறகு அந்த வீட்டில் நான் சமைத்த சோற்றை நானே தின்று, நானே தட்டு கழுவி, பேச ஆளில்லாமல் ரேடியோவைத் திட்டிக்கொண்டு கிடந்தேன்.

சில மாதம் கழித்துச் சங்கக் கூட்டத்தில் தலைவர் சுடலைமணி எழுந்தார். பலசரக்குக் கடை வைத்திருந்தார், எங்கள் வலப்பக்கத்து வீடு. "அண்ணாச்சி, நீங்க இப்ப தனியாளு. ஷிப்டுக்குப் போறவரு. உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? உங்க வீட்ட முறையில இருந்து எடுத்திருதோம், கோவிச்சுக்கிடாதிய" என்றார். எல்லோரும் பாவமாக என்னைப் பார்த்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், அது எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தத் தெருவில் கிரேஸ் பேர் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த முறைதான். அதிலிருந்தும் அவளை எடுத்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு முறை எங்கள் பக்கம் வந்தபோது சாவி ஜெபராஜ் சாரிடம் இருந்தது. அவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்ச் சுடலைமணி வீட்டில் கொடுக்கவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை, இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்லமாட்டேன். சுடலைமணி மனைவி முத்துலட்சுமிதான் என் மனசு ஆறட்டும் என்று அவளை மாதிரியே தட்டுகிறாள் என்று நினைத்தேன், இது என்ன விளையாட்டு என்று பல்லைக் கடித்தேன். ஆனால் பாருங்கள், மறுநாள் அந்தச் சத்தத்துக்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டது. அதற்கு மறுநாளும். இருட்டில் படுத்துக்கொண்டு அது வருமா வருமா என்று காத்துக்கிடப்பேன், வந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன், அந்த இடைவெளியில் அவள் கை மாற்றுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து "கேட்டுச்சா?" என்பாள் போல இருக்கும். அவள் போனதிலிருந்து முத்துலட்சுமிதான் எனக்கும் ஒரு குடம் பிடித்து நடையில் வைப்பாள், அதனால் எழுந்து போகவேண்டிய தேவையும் இல்லை. அந்த வாரத்தில் ஒருநாள் அவள் குடத்தை வைத்துவிட்டு, "நல்ல காரியம் பண்ணுதிய அண்ணாச்சி, இப்பத்தான் எங்களுக்கு மனசு சரியாச்சு" என்றாள். என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, நான் பாட்டுக்கு "ம்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. மறுநாளோடு அந்த வாரம் முடிகிறது, சாவி வேறு வீட்டுக்குப் போய்விடும், அந்தத் தட்டு இனிமேல் கேட்காது. கடைசியாக ஒருதரம் அந்தக் கையைப் பார்த்துவிடவேண்டும் என்று தோன்றியது, முத்துலட்சுமி கையாகவே இருந்தாலும் சரி. ஞாயிறு விடியற்காலை தட்டு கேட்டதும் சட்டைகூடப் போடாமல் தொட்டியைப் பார்த்து ஓடினேன்.

அங்கே யாரும் இல்லை. தண்டவாளத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது, நான் கையால் பிடித்து நிறுத்தினேன். குழி மூடி விலகிக் கிடந்தது, உள்ளே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். வால்வுமேல் சாவி இல்லை. "யாரது?" என்றேன். அப்புறம் எனக்கே தெரியாமல், "ஏளா, கிரேஸ்" என்று கூப்பிட்டுவிட்டேன்.

கூப்பிட்டதும் குழாய்ச் சத்தம் குறைய ஆரம்பித்தது. யாரோ நின்று திருகித் திருகி மூடினால் எப்படிக் குறையுமோ அப்படி, விட்டு விட்டுக் குறைந்து நின்றுபோயிற்று. தெருவிலிருந்து ஒரு பெண் குரல், "யாரு அதுக்குள்ள மூடுனது? பாதிக் குடம்கூட ரொம்பலையே!" என்று கத்தியது. நான் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். வால்வு கெட்டிருக்கும், முத்துலட்சுமி சாவியோடு அந்தப் பக்கமாகப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தொட்டியடியில் சங்கக் கூட்டம். சுடலைமணி எடுத்த எடுப்பில், "இந்த வாரம் கேக்காமலே முறையப் பாத்துத் தந்த அண்ணாச்சிக்குச் சங்கம் சார்பா நன்றி" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்னைய முறையில இருந்து தூக்கிட்டு இப்ப நக்கலா பண்ணுதிய? உங்க வீட்டுலதானே தட்டுனாவ! செத்தவள மாதிரித் தட்டி என்னைய எதுக்கு இந்தப் பாடு படுத்தணும்?"

முத்துலட்சுமி பதறிப்போனாள். "ஐயோ, நான் இல்ல அண்ணாச்சி. சாவி எங்க வீட்டுக்கு வரவே இல்லையே. நீங்கதான் ஜெபராஜ் சார்ட்ட இருந்து வாங்கிட்டிய, அக்கா மாதிரியே தட்டுதியன்னு நாங்க நினைச்சோம்."

அந்த நேரத்தில்தான் ஜெபராஜ் சார் வந்தார். தோளில் சாவி. "எல்லாரும் என்னைய மன்னிக்கணும்" என்றார். "போன ஞாயித்துக்கிழமை சாவியத் தூக்கிட்டு வெளிய வந்தேன். அண்ணாச்சி வீட்டு வாசலத் தாண்டிப் போக மனசு வரல. அந்தம்மா இருந்திருந்தா அங்கனதானே குடுத்திருப்பேன்னு திரும்பிட்டேன். இருட்டினதும் யாரு கண்ணுலயும் படாம கொண்டு போவோம்னு கட்டிலுக்கு அடியில போட்டேன். அதுக்குள்ள மாமாவுக்கு முடியலன்னு சாயர்புரத்துல இருந்து தந்தி வந்துட்டு. வீட்டப் பூட்டிட்டு அப்படியே போயிட்டோம், இப்பத்தான் பஸ்ஸ விட்டு இறங்கி, வீட்டத் திறந்து கட்டிலுக்கு அடியில கிடந்த சாவிய எடுத்துட்டு வாறேன்." எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்த ஒரு வாரமா தண்ணிக்கு என்ன பண்ணிய?" என்றார்.

சுடலைமணி தெருவில் இருக்கிற ஸ்பானரையெல்லாம் எடுத்துவரச் சொல்லிக் குழிக்குள் விட்டுப் பார்த்தார், ஒன்றும் எட்டவில்லை. வால்வு இறுகி மூடித்தான் இருந்தது, தானாகத் திறக்கிற சாமான் இல்லை அது. நானும் குனிந்து பார்த்தேன்.

தொட்டியை ஒட்டின கடைசி வீட்டில் ஒரு வேம்பார்ப் பெண் புதிதாகக் குடிவந்திருந்தாள், பிலோமினா. புருஷன் துறைமுகத்தில் கிரேன் டிரைவர். வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது, தெருவில் யார் யாரென்றே அவளுக்குத் தெரியாது. அவள் பின்னால் நின்றுகொண்டு, "எதுக்கு எல்லாரும் பயப்படுதிய? அந்த அக்காதானே திறந்தாவ, நான் தினமும் பாத்தேனே" என்றாள்.

"ஏளா, எந்த அக்கா?" என்றாள் முத்துலட்சுமி.

"பேரு தெரியல. ஒல்லியா இருப்பாவ. ரெண்டு தட்டு தட்டிட்டுக் கைய மாத்திக்கிட்டு ஒண்ணு தட்டுவாவ. வீட்ட ஒட்டித்தானே தொட்டி, நான் முதல்ல பிடிச்சிட்டுப் போயிருவேன். ஒருநாளு விடிஞ்ச பிறகும் தண்ணி போய்க்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் பிடிச்சாச்சே, மூடலையாக்கான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"'எங்க வீட்டுக் குடம் இன்னும் வரல. அவரு கொண்டு வந்ததும் மூடிருதேன்'ன்னாவ."

முத்துலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். ஜெபராஜ் சார் சாவியை என் முன்னால் கொண்டுவந்து நட்டு நிறுத்தினார். நான் பிடித்துக்கொண்டேன். அதற்குப்பிறகு அந்தத் தெருவில் இருந்தவரைக்கும் எங்கள் வீட்டு முறையை யாரும் தாண்டிப் போகவில்லை. என் முறை வரும்போதெல்லாம் இருட்டோடு போய் நின்று பார்த்திருக்கிறேன், திறந்துவிட்டு வெகுநேரம் மூடாமல் நின்றிருக்கிறேன். யாரும் வந்ததில்லை.

கிரேன் டிரைவரின் பெண்சாதி எதையோ கனவில் கண்டாள் என்று நீங்கள் சொல்லலாம். அந்தத் தெருவே ஒரு வாரம் குடித்த தண்ணீரை என்ன சொல்வீர்கள்? அதுகூடப் போகட்டும், அதை விட்டுவிட்டேன். எனக்கு விடாமல் அரிக்கிறது வேறு. அவ்வளவு நாளாக என் குடத்துக்காகத் தண்ணீரைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றவள், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் மூடிவிட்டாளே. வந்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு மூடினாளா, இல்லை, இத்தனை நாள் கழித்தும் இந்த மனுஷன் வெறுங்கையோடுதான் வந்து நிற்கிறான் என்று மூடிவிட்டுப் போனாளா?