சைபர் காட்டிய போன்

எண்ணூரில் குழாய் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று காமா கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பது என் வேலை. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று தெரிய சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். அளவு மிஞ்சினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அதனால் எங்களில் பாதிப் பேர் பேட்ஜை ஆபீஸ் மேஜை டிராயரில் போட்டுவிட்டுத்தான் கதிர்ப்பெட்டியைத் தூக்குவோம். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்கு இது தெரியாது. தெரியாமலே பயந்தாள். ஹார்பரில் வேலை போய் தண்டையார்பேட்டை வீட்டில் சும்மா இருந்த அவளுடைய அண்ணன் என்னோடு இந்த வேலைக்கு வரக் கேட்டபோது, அவள்தான் தடுத்தாள். பிறகு எங்கேயோ பார்த்துவிட்டு என் போனில் ஒரு ஆப் ஏற்றினாள். கேமராவைக் கறுப்பு டேப்பால் மூடிவிட்டால், கதிர் படும்போது இருட்டில் வெள்ளைப் புள்ளி விழுமாம். ஆப் அதை எண்ணுமாம். டேப்பை அவளே வெட்டி, மூலை தூக்காமல் நகத்தால் தேய்த்து ஒட்டினாள்.

"இன்னிக்கு ஒரு நாளு ஜேப்புலயே வச்சினு இரு. சாய்ந்தரம் நா பாக்கறேன்."

"போனு இன்னா டாக்டரா?" என்று கிண்டலடித்தேன். ஆனால் எண் ஏறினால் வேலையை விடச் சொல்வாள்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களை விலக்கிவிட்டுப் படம் எடுத்தோம். போன் பேட்ஜோடு டிராயரில் கிடந்தது.

சாயங்காலம் சைபரைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். வஞ்சிரக் குழம்பு வைத்து நடுத்துண்டை எனக்கு எடுத்து வைத்தாள். வெட்கங்கெட்டவன், சாப்பிட்டேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் குழம்புதான் கேட்டேன்.

மறுநாள் காலை வாசலில் மச்சான் நின்றிருந்தார், கையில் சாப்பாட்டுப் பை, முகத்தில் புதிதாகச் சவரம். எனக்குத் தெரியாமல் அவள் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

"ஒன்னியும் இல்லண்ணா. நாள் பூரா ஜேப்புல வச்சினு இருந்தாரு, சைபருதான் காட்டுச்சு. நீ தெகிரியமா போ," என்று என் எதிரிலேயே மறுபடியும் சொன்னாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து ஷூ மாட்டினேன். அப்புறம் என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"வா மச்சான், பஸ்ஸு பூடும்."