பனிப்பெண்ணுக்குக் கொடுத்த முகம்

குருநகர்ச் சந்தியோகுவின் பெண்சாதி மக்டலீன் எனக்குச் சின்னம்மாவின் மகள். அவளுக்குப் பெண்கள் இரண்டு. மூத்தவள் நிஷானி அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறினாள். படகு எங்கே போனதென்று இன்றுவரை ஒரு சொல் இல்லை. மற்றவள் றஜிதா. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நல்லூரில் ஒரு மாடிக் கந்தோரில் அவளுக்குக் கணினியில் படம் செய்கிற வேலை. வெளிநாட்டுக்காரன் ஒருவன் ருஷ்யப் பழங்கதைகளில் வருகிற பெண்களைக் கேட்டிருந்தான். வெறும் படமல்ல, தலை திரும்பும், இமை வெட்டும், கூந்தல் காற்றில் அசையும். உலகத்துப் பிள்ளைகளெல்லாம் போனில் பார்ப்பார்களாம்.

அவர்களில் பனியில் பிறந்த பெண்ணுக்கு முகம் தேடியபோது, அக்கா சின்ன வயதில் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய நாளின் படம் றஜிதாவுக்கு நினைவுக்கு வந்தது. வெள்ளைச் சட்டை, முக்காடு, தலையில் பூமுடி. அந்தப் படத்தை மக்டலீன் சுவரில் மாட்ட விட்டதில்லை. மாட்டினால் மெழுகுதிரி கொளுத்தவேண்டும். கொளுத்தினால் பிள்ளை செத்தவளாகிவிடுவாள். பெட்டிக்குள்தான் கிடந்தது.

அந்த முகத்தோடு பனிப்பெண்ணைச் செய்து முடித்துத் தாய்க்குப் போனில் காட்டினாள்.

"எடியே, கண்ணை வெட்டுறாள்!"

"எணை, அது கதையிலை வாற பெட்டை."

"இருக்கட்டும். எல்லா நாட்டிலையும் பாப்பினம் எண்டனியெல்லே? அவள் எங்கை இருந்தாலும் தன்ரை முகத்தைக் கண்டிட்டு எங்களுக்கு ஒரு போன் கோல் எடுப்பாள்."

அன்றிலிருந்து கொம்பனியில் கூலிக்கு நண்டு உடைக்கப் போகும்போதும் போன் மக்டலீனின் மடியில்தான்.

கந்தோரில் மேலாளர் ஜெயரூபன் படத்தைப் பார்த்தான்.

"தங்கச்சி, பனிக்காரி குருநகர் வெயிலிலையோ வளந்தவள்? வெள்ளையாக்கு. கண்ணை நீலமாக்கு."

"முகத்தை மட்டும் விடுங்கோ அண்ணை."

"மூக்கும் சரியில்லையெண்டு வெளிநாட்டிலையிருந்து எழுதியிருக்கிறாங்கள். நீ மாத்தாட்டி வேறை ஆள் மாத்தும்."

பிறத்தியார் கை படவேண்டாமென்று அவளே மாற்றினாள். நிறம் போனது, கண் போனது, மூக்குப் போனது. கடைசியில் சிரிப்பும் போனது. பூமுடி மட்டும் மிஞ்சியது.

அடுத்தது, காட்டில் பிள்ளைகளைப் பிடித்துத் தின்கிற சூனியக்கிழவி. உப்பும் வெயிலும் தின்ற தாயின் முகத்தையே, விழுந்த பல்லோடு, றஜிதா வைத்தாள். இதையும் திருப்பி அனுப்பட்டும், பார்ப்போம் என்ற ஆத்திரம். வெளிநாட்டுக்காரன் எழுதினான்: அருமை, ஒன்றும் மாற்றவேண்டாம்.

படங்கள் வெளியானதும் மக்டலீன் மகளின் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"உவள் ஆரடி? எங்கடை பிள்ளை எங்கை?"

றஜிதா நடந்ததைச் சொன்னாள். அதற்குள் தாயின் விரல் கிழவியில் வந்து நின்றுவிட்டது. ஏச்சு விழும் என்று மகள் காத்திருந்தாள்.

"பிள்ளை தின்னிக்கு என்ரை முகமோடி?" என்றாள் மக்டலீன். பிறகு மூக்கைச் சீறித் துடைத்துக்கொண்டாள். "சரி, விடு. என்னையெண்டாலும் மாத்தாமல் விட்டிருக்கிறாங்கள். கண்டால் அக்காக்காரி தன்ரை அம்மாவெண்டு மட்டுக்கட்டுவாள்."

போனுக்குள் கிழவி தலையைத் திருப்பி, பல்லில்லாமல் சிரித்து, மறுபடியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.