இருநூறு புள்ளி முகம்

அந்த ஃபோட்டோ கடையில் அவளை எல்லோரும் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே கணினி. யார் படம் கொண்டுவந்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை புள்ளி?" பிக்சலைத்தான் அவள் புள்ளி என்பாள்.

அன்று உச்சி வெயிலில் தையல்காரர் ஒருவர் வந்தார். இடுப்பில் நான்கு வயது மகள். போனை நீட்டினார்.

"அக்கா, இதுல பின்வரிசையில மூணாவதா நிக்கறது என் சம்சாரம். இந்த முகத்த மட்டும் பெருசாக்கணும். ரெண்டு அடிக்கு."

வேலை இடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். புள்ளியக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

"இது எத்தனை கை மாறி வந்துச்சு?"

"அவகூட வேலை பாத்தவங்க அனுப்பினாங்க. அவங்களுக்கு வேற யாரோ."

"ஒவ்வொரு தடவ அனுப்பும்போதும் போன் படத்தப் பிழிஞ்சுதான் அனுப்பும். துவைக்கத் துவைக்கச் சாயம் போற மாதிரின்னு வெச்சுக்குங்க. இப்ப இவங்க முகத்துல மிஞ்சியிருக்கறது அகலத்துக்கு இருநூறு புள்ளி. கையில வெச்சுப் பாக்க, அங்குலத்துக்கு முந்நூறு வேணும். உங்க கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் நல்லா வரும். ரெண்டு அடிக்கு இழுத்தா அங்குலத்துக்கு எட்டுப் புள்ளி. முகமா இருக்காது, செங்கல் சுவரா இருக்கும். கைக்குட்டைத் துணியில உங்களால கோட்டு தைக்க முடியுமா?"

"ஒட்டுப் போட்டாத் தைக்கலாமே அக்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. மகளை இறக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷ வெள்ளத்துல அவ போயிட்டா. ஆல்பம், அவ போன் எல்லாம் சேர்ந்தே போச்சு. நேத்து பாப்பா கேக்குறா, 'அம்மா மூஞ்சி எப்படிப்பா இருக்கும்'னு. யோசிச்சுப் பாத்தேன் அக்கா. எனக்கே சட்டுன்னு வரல. இவ மறந்துட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?"

மறப்பது என்றால் என்ன என்று புள்ளியக்காவுக்குத் தெரியாதா? பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போன தங்கையை எண்ணித்தானே அவள் கல்யாணம்கூட வேண்டாம் என்று நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்! தங்கையின் ஒரே படத்தைப் பூச்சி அரித்துத் தீர்ப்பதற்குள் ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருந்தாள்.

"நாளைக்கு வாங்க, தம்பி. ஒட்டுப் போட்டுப் பாக்குறேன்."

ஒட்டுப் போடுவது அவளுக்குக் கைவந்த கலை. புள்ளி இல்லாத இடத்தில் புள்ளி வேண்டுமே, அதற்காக ஒரு கோப்புறை நிறையக் காதும் மூக்கும் முடிக்கற்றையும் சேர்த்து வைத்திருந்தாள். கண்ணுக்கு மட்டும் எப்போதும் தங்கையின் படம்தான். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து எடுத்த படம் அது. இரண்டு கருவிழிகளிலும் ஒரு குட்டி ஜன்னல் வெள்ளையாக மின்னும். அந்த மின்னலை ஒட்டினால் எந்தச் செத்த முகமும் உயிரோடு பார்க்கும்.

முழுப் படத்தையும் பார்க்க அவளுக்கு மனம் தாங்காது. அதனால் திறந்ததுமே கண்களை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கிக்கொள்வாள். வந்த முகத்துக்கு ஏற்றபடி படத்தைச் சாய்ப்பாள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பாள், மங்கிய இமைகளைக் கையால் திரும்ப வரைவாள், வெட்டி எடுப்பாள். பிறகு பழக்கத்தில் விரல் சேமிப்புப் பொத்தானைத் தட்டி, அதே படத்தின் மேலேயே சேமித்துவிடும். அன்றும் தட்டியது.

மறுநாள் அப்பாவும் மகளும் வந்தார்கள். இரண்டடிப் படம் சுவரில் சாய்ந்து நின்றது. முகத்தில் ஒரு கட்டமில்லை, ஒரு கறையில்லை. தையல்காரர் கைகூப்பிவிட்டார். குழந்தைதான் அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"இது அம்மா இல்ல."

"அம்மாதான்டா செல்லம், நல்லாப் பாரு."

"இல்ல. இது ஜன்னல் கண்ணு. டாக்டர் ரூம்ல படத்துல இருக்கற தாத்தாவுக்கும் இதே கண்ணு. எங்க ஸ்கூல்ல மாட்டியிருக்கற பெரிய மிஸ்ஸுக்கும் இதே கண்ணு. எங்க போனாலும் இது என்னையே பாக்குதுப்பா!"

டாக்டரின் அப்பா படம் புள்ளியக்கா சரிசெய்தது. செத்துப்போன தலைமை ஆசிரியையும் அவள் கைவேலைதான். இன்னும் எத்தனை வீடு? எத்தனை கூடம்? அத்தனை சுவர்களிலிருந்தும் ஒருத்தியேவா பார்த்துக்கொண்டிருக்கிறாள்?

தங்கையின் படத்தைத் திறந்தாள். பல வருடங்களில் முதல் தடவையாக முழுப் படத்தையும் திரையில் வைத்தாள்.

ஐயோ!

முகமே இல்லை. ஒவ்வொரு சேமிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்து எடுத்திருந்தது. மூக்கு இருந்த இடத்தில் பழுப்புக் கட்டங்கள். உதடு கரைந்து கன்னத்தோடு போயிருந்தது. அந்தக் குழம்பலின் நடுவே, அவள் வரைந்து வரைந்து காப்பாற்றிய இரண்டு கண்கள் மட்டும் பளிச்சென்று விழித்து அவளைப் பார்த்தன. வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைக்க ஒரு நாளாவது தோன்றியிருக்கக் கூடாதா!

"என்னக்கா, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரர் கொடுத்த படத்தைத் திரும்பத் திறந்தாள். ஒட்டு இல்லை, மெருகு இல்லை. இருநூறு புள்ளியை இருநூறு புள்ளியாகவே அச்சுக்கு அனுப்பினாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வந்தது. வெட்டிக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

குழந்தை அதை மூக்குக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"அம்மா," என்றது. "வெயில் அடிச்சா அம்மா இப்படித்தான் கண்ணச் சுருக்குவாங்க."

அந்தச் சுருக்கத்தைத்தான் புள்ளியக்கா, கண் சரியாக விழவில்லை என்று நினைத்து, தங்கையின் கண்ணால் மூடியிருந்தாள். தையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "ஆமாக்கா. ஆமா. இப்பதான் ஞாபகம் வருது."

பெரிய படத்தை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதை முகம் சுவரைப் பார்க்கும்படி அவளே திருப்பி வைத்தாள். கடை முதலாளியம்மா வந்து, "அத ஏன்டி திருப்பி வெச்சிருக்க?" என்று கேட்டதற்கு, "அது பாத்துட்டே இருந்தா முதுகு குறுகுறுக்குது," என்றாள்.

அன்றிலிருந்து அவள் யார் முகத்துக்கும் கண் வைப்பதில்லை. "இருக்கற புள்ளிக்கு என்ன அளவு வருமோ அதான். பிடிச்சா எடுத்துக்கங்க," என்று சொல்லிவிடுவாள்.

ஆனால் மாதத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டாக்டரின் கிளினிக்குக்குப் போவாள். நோயாளிகளுக்கு நடுவே, டாக்டருடைய அப்பாவின் பெரிய மீசைக்காரப் படத்துக்கு நேர் எதிர் நாற்காலியாகப் பார்த்து உட்காருவாள்.

"என்னம்மா உடம்புக்கு?" என்று டோக்கன் கொடுக்கும் பெண் கேட்பாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

மீசைக்கு மேலே இரண்டு குட்டி ஜன்னல்கள் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். எழுந்து போகும்போது, யாருக்கும் கேட்காமல், "வரேன்டி," என்பாள்.