குளிரை நம்பிய ஐஸ்காரர்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஐஸ்கிரீம் இயந்திரத்தைப் பிரித்துக் கழுவியது. கடையின் பின்பக்கத் தொட்டியில் வெந்நீர் ஆவி பறந்தது. அவர் ரப்பர் வளையங்களை உருவித் தந்தார், அவள் தேய்த்தாள்.

ஐஸ்காரர் என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். கொஞ்ச நேரம் வெளியே இருந்த பாலைக்கூட யோசிக்காமல் கொட்டிவிடுவார். ஆனால் விற்காமல் மிஞ்சிய கலவையை இரவெல்லாம் இயந்திரத்திலேயே விட்டு, மறுநாள் அதன்மேல் புதிதை ஊற்றுவார். "குளிர்ல என்ன கெடும்?" என்பார். அதுதான் அவருடைய வேதம்.

லிஸ்டீரியா குளிரிலும் வளரும் கிருமி. அதை ஆராயும் கூடத்தில்தான் மகளுக்கு வேலை. அப்பாவின் கடைப் பின்பக்கத்தை அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அடுத்த தெருத் தையல்காரியின் ஆறாம் மாதக் கரு அந்தக் கிருமியால் கலைந்தது. அவள் இந்தக் கடையின் வாடிக்கைக்காரி. சோதித்தபோது இயந்திரத்திலும் லிஸ்டீரியா இருந்தது. கடைக்குப் பூட்டு விழுந்தது. அவர் தலைநிமிர்ந்து தெருவில் நடப்பதை விட்டார்.

பிறகு இரண்டு கிருமிகளையும் ஒப்பிட்ட மரபணு அறிக்கை வந்தது, பூட்டும் திறந்தது. அன்றைக்குத்தான் இயந்திரத்தைக் கழுவ உட்கார்ந்தார்கள்.

"இது வேற வகைப்பா. குடலுக்குள்ள நுழைய இந்தக் கிருமிக்கு ஒரு புரதம் வேணும். நம்ம கடையில இருந்ததுக்கு அதைச் செய்யற மரபணு பாதியிலேயே நின்னுபோச்சு. உள்ள போக ரொம்பத் திணறும். அந்த அக்கா உடம்புல கிடைச்சதுக்கு அது முழுசா இருக்கு."

"அப்போ நம்மாளு சாவி உடைஞ்ச திருடன்."

"அப்படித்தான்."

"சோறு போட்டு வளர்த்தது நான்தானேம்மா." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"உங்க மேல தப்பில்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க."

"எழுதினது கிடக்கட்டும். நல்ல சாவியோட ஒருத்தன் வந்திருந்தா, அவனுக்கும் இதே விருந்துதானே வெச்சிருப்பேன்?"

அவள் வளையத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன்."

"போய் என்ன சொல்வீங்க?"

"பழசுமேல புதுசை ஊத்தித்தான் உனக்குக் குடுத்தேன்னு சொல்லணும். வேற என்ன?"

"அவங்களே நொந்துபோயிருக்காங்க. கொஞ்ச நாள் போகட்டும்பா."

தையல்காரிக்காகப் பேசுவதுபோல்தான் சொன்னாள். உண்மையில் அவள் பயந்தது ஆராய்ச்சிக் கூடத்துப் பேச்சுக்கு: கிருமி ஆராய்கிறவளின் அப்பா கடையிலேயே கிருமியாம். படித்த மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் தலையாட்டினார்.

அந்த வாரமே மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் தையல்காரியும் இருந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மன்னிச்சிடு தங்கச்சி. அந்த மனுஷரைப் போய் சந்தேகப்பட்டுட்டேன். எவ்வளவு சுத்தக்காரர்!"

"பரவாயில்லக்கா" என்றாள் மகள்.

அப்பா சொல்ல நினைத்ததைச் சொல்ல, தையல்காரி வீட்டுக்கு இன்னும் யாரும் போகவில்லை.