ரெக்கார்டிங் ஓடும்போது

என் வீட்டுக்காரர் வல்லிநாயகத்துக்கு மெட்டு வந்துவிட்டால் மனுஷன் மனுஷனாக இருக்க மாட்டார். தென்காசியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பது அவருக்குப் பிழைப்பு. சுற்றுவட்டாரக் கோயில் கொடைத் திருவிழாக்களுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுப்பதுதான் உயிர். முன்பெல்லாம் வீரகேரளம்புதூரிலிருந்து வண்டியில் வரும்போது ஒரு மெட்டு தோன்றினால், மறந்துவிடும் என்று வீடு வரைக்கும் அதையே முனகிக்கொண்டு வருவார். தெருவில் யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் போச்சு. மெட்டு ஓடிவிடும். அன்றைக்கு முழுக்க வீட்டில் யாருக்கும் நல்ல பேச்சு கிடையாது.

அதற்குத்தான் கைக்கு அடக்கமான ஒரு ரெக்கார்டரும், மடியில் வைத்து வாசிக்கிற சின்னக் கீபோர்டும் வாங்கினார். கூடவே வீட்டுக்கு ஒரு சட்டமும் வந்தது. ரெக்கார்டரில் சிவப்பு எரிந்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது. மிக்சி கூடாது, குக்கர் கூடாது. எனக்கோ வாய் சும்மா இருக்காது. நான் ஏதாவது கேட்டால், கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டுவார். பொறு, ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ரெக்கார்டரில் லோ கட் என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டிவிட்டால் ஃபேன், மோட்டார் மாதிரி கும்மென்ற அடிச்சத்தமெல்லாம் போய், குரல் மட்டும் சுத்தமாகக் கேட்கும். ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, அதைப் போட்டுப் போட்டுக் காட்டினார். "பாத்தியாட்டி, அருவிப் பக்கத்துல உக்காந்து பாடுனாலும் தண்ணி இரையுதது தெரியாது," என்று குழந்தை மாதிரிச் சிரித்தார்.

போன சாரல் சீசனுக்குக் குற்றாலம் போயிருந்தோம். அருவியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. குளித்த கையோடு கீழே ஓடைப்பக்கம் ஒதுங்கினோம். முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. நான் ஓடை நடுவில் கிடந்த பாறையில் உட்கார்ந்து கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தேன். கரையில் இருந்தவருக்குத் திடீரென்று முகம் மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும். பையிலிருந்து கீபோர்டு, ரெக்கார்டர், ஹெட்போன் எல்லாம் வெளியே வந்தன. சிவப்பு எரிந்தது. லோ கட்டைத் தட்டிவிட்டு, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் சருகும் குச்சியும் வந்தன. பிறகு தண்ணீர் காப்பி நிறமாக மாறியது. மேலே எங்கேயோ லாரி உருண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம். மலைக்குள் பெரிய மழை பெய்திருக்கிறது. இறங்கி ஓடிவிடலாம் என்று காலை வைத்தேன். இடுப்பைப் பிடித்து இழுத்தது. அலறிக்கொண்டு மறுபடியும் பாறையைக் கட்டிப்பிடித்தேன்.

"ஏங்க! தண்ணி கூடுது! இங்கன பாருங்க! ஏங்க!"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினார்.

அந்தப் பயத்தை எப்படிச் சொல்வேன்? தண்ணீரைவிட அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்குக் குலை நடுங்கியது. பத்தடி தள்ளி என் புருஷன் இருக்கிறார், நான் சாகப்போகிறேன், பொறு என்கிறார். என் குரல் அவர் காதில் விழுந்திருக்கிறது. வெள்ளம்தான் விழவில்லை. இவள் எப்போதும் கத்துகிறவள்தானே என்று நினைத்துவிட்டார்.

அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற இசக்கிப்பாண்டி அந்த வழியாக வந்தது என் நல்ல காலம். ஒரு கையால் மரத்து வேரைப் பிடித்துக்கொண்டு தன் துண்டை வீசினார். "எக்கா, துண்டப் பிடிங்க! விட்டுராதிய!" எண்ணெய் ஊறிய துண்டு. பிடிக்கப் பிடிக்க வழுக்கியது. மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். ஆம்பிளைக் குரல் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். "யோகு!" என்று என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு எழுந்ததில் கீபோர்டு உருண்டு வெள்ளத்தோடு போனது. இரண்டு பேருமாக என்னை இழுத்துக் கரையில் போட்டார்கள். திரும்பிப் பார்த்தால் நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை.

ரெக்கார்டர் அவர் கழுத்தில் தொங்கியதால் தப்பியது. மறுநாள் அதைப் போட்டார். அருமையான மெட்டு. நடுவில் ஒரு பொம்பளை கத்துகிறாள். வெள்ளத்தின் உறுமல் அதில் இல்லவே இல்லை. தண்ணி கூடுது என்று, தண்ணீர்ச் சத்தமே இல்லாத ஓர் இடத்தில், ஒருத்தி உயிர் போகிற மாதிரி கத்துகிறாள். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"இதத்தாம்ட்டி நான் கேட்டேன்," என்றார். "சத்தியமா இவ்வளவுதான் கேட்டேன்." அந்த மெட்டை அவர் எந்தப் பாட்டுக்கும் எடுக்கவில்லை.

வேறு கீபோர்டு வாங்கியாயிற்று. மெட்டும் வருகிறது. ஆனால் ஹெட்போனை ஒரு காதில்தான் மாட்டுகிறார். லோ கட் பொத்தான் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. "அண்ணாச்சி, பாட்டுக்குள்ள ஃபேன் சத்தம் கேக்குதே," என்று கொடைக்காரர்கள் குறைப்பட்டால், "கேக்கட்டும்," என்கிறார்.

ஒரு நாள் அடுப்படியிலிருந்து, "ஏங்க, காப்பி ஆறுது!" என்று கூப்பிட்டேன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அதிலிருந்து நான் சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொடுகிறேன். திரும்பியதும் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் என் கால்களைத்தான் பார்க்கிறார், ஈரமாக இருக்கிறதா என்று.